பச்சை கட்டும் காலம்
(குடும்ப வேதபாடம். வாசிக்க வேண்டிய பகுதி: லூக்கா 2:41-52)



காவேரிப் பாசனத்தில் குடியிருக்கிற நமக்கு ஜூன் மாதம் வந்தாலே மூச்சு விட நேரமிருக்காது. அணையில் தண்ணீர் இருக்கிற வருஷம் ஜூன் 12-ல் மேட்டூரைத் திறக்கிறார்கள். குறுவைக்கு உழவு, விதைநெல், உரம் என்று பணம் போகிறது. அதே மாதம் பள்ளிக்கூடமும் திறக்கிறது. பீஸ், நோட்டு, யூனிபார்ம் என்று மிச்சமும் போகிறது. தை பிறந்தால் சம்பா அறுவடை. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு எடை போடும்வரை ராத்திரியெல்லாம் காவல். அது ஓய்வதற்குள் பிள்ளைகளுக்குப் பொதுப் பரீட்சை. இதற்கு நடுவே உபவாச ஜெபம், வீட்டு ஜெபக்கூட்டம், ஞாயிறு ஆராதனை.

"சிஸ்டர், வயசுப் பிள்ளைங்களோட பேசவே நேரமில்ல. அப்படியே பேசினாலும் சண்டையிலதான் முடியுது" என்று தாய்மார் பலர் என்னிடம் சொல்கிறார்கள். இதற்கு வேதம் என்ன சொல்கிறது? ஜெபத்தோடு தியானிப்போம்.

1. பரிசுத்த குடும்பத்திலும் பதற்றம் உண்டு

இயேசுவுக்கு வயது 12. பஸ்கா முடிந்து ஊர் திரும்புகிறார்கள். எருசலேமிலிருந்து நாசரேத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல், கால்நடைப் பயணம். பிள்ளை கூட்டத்தோடு வருகிறான் என்று எண்ணி ஒரு நாள் முழுக்க நடந்துவிட்டார்கள். "அவரோட வர்றான்"னு மரியாளும், "அவளோட வர்றான்"னு யோசேப்பும் நினைத்திருப்பார்களோ என்று எனக்குத் தோன்றும். மூன்று நாளைக்குப் பின்தான் தேவாலயத்தில் கண்டுபிடித்தார்கள். தாய் வருத்தத்தோடு கேட்கிறாள். பிள்ளை சொன்ன பதில் பெற்றோருக்குப் புரியவில்லை என்று வேதம் ஒளிக்காமல் சொல்கிறது.

தேவகுமாரனை வளர்த்தவர்களுக்கே பிள்ளை பேசியது புரியவில்லை! நமக்குப் புரியாததில் என்ன ஆச்சரியம்? ஆனால் மரியாள் செய்த ஒரு காரியத்தைக் கவனியுங்கள். புரியாத அந்த வார்த்தையை அவள் தூக்கி எறியவில்லை. இருதயத்தில் வைத்துக்கொண்டாள். வாலிபப் பிள்ளையின் தாய்க்கு இதுவே முதல் பாடம்.

நேரத்தைப் பற்றி உபாகமம் 6:7-ஐப் பாருங்கள். வீட்டில் உட்காரும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது பேசு என்கிறார் தேவன். தனியாக நேரம் ஒதுக்கச் சொல்லாமல், இருக்கிற நேரத்துக்குள்ளேயே பேசச் சொல்கிறார். டியூஷனுக்கு வண்டியில் கொண்டுவிடுகிற பத்து நிமிஷம் போதும். பின்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு, நம் முகத்தைப் பார்க்காமல் பேசுவது சுலபம். வீட்டில் வாய் திறக்காதவன் வண்டியில் மனம் திறப்பான்.

2. சிரிப்பும் கர்த்தர் தந்ததே

ஆபிரகாமுக்கு 100 வயது, சாராளுக்கு 90. அந்த வயதில் பிறந்த பிள்ளைக்குத் தேவன் வைத்த பெயர் ஈசாக்கு. அதற்கு நகைப்பு என்று அர்த்தம். தினம் பத்து தடவை "சிரிப்பே, இங்கே வா" என்று கூப்பிட்ட வீடு அது! மனமகிழ்ச்சி மருந்தைப் போல என்று நீதிமொழிகள் 17:22-ம் கற்பிக்கிறது.

எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் ஒரு நாள் என் கணவர் ஊழியங்கள், ஊழியர்கள், மாவட்டங்கள் என்று ஒன்றுவிடாமல் ஜெபித்து முடித்தார். எல்லோரும் ஆமென் சொல்லி எழுந்தோம். மகன் எழவில்லை. முழங்காலில் இருந்தபடியே நல்ல தூக்கம். மகள் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, அண்ணன் இன்னும் முழங்கால் யுத்தத்துல இருக்கான்." அவர்கள் அப்பாவே சிரித்துவிட்டார். அன்று முதல் எங்கள் ஜெபத்தில் ஆளுக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லுகிற வழக்கம் வந்தது. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி மகன் சொன்ன ஸ்தோத்திரம்: "மழைக்கு டியூஷன் லீவு விட்டதுக்காக." அதே மழையில் நடவு வயலில் தண்ணீர் வடிகிறதா என்று பார்த்துவிட்டு, நனைந்த தலையோடு அவன் அப்பா உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிஷம் எனக்குப் பயம்தான். ஆனால் அவருக்கே சிரிப்பு வந்து, "சரி, உனக்கு லீவு கொடுத்தவர் எனக்கு வடிகாலும் கொடுப்பார், ஆமென்" என்றார்.

ஒரு எச்சரிப்பு. பிள்ளையோடு சிரிப்பது வேறு, பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது வேறு. அவன் குறையைச் சபை நடுவே வேடிக்கையாகவோ ஜெபக்குறிப்பாகவோ சொல்லாதேயுங்கள். பிள்ளைகளைக் கோபப்படுத்த வேண்டாம் என்று எபேசியர் 6:4 சொல்லுவது இதற்கும் பொருந்தும்.

3. ஒரே போதகர், மூன்று பிள்ளைகள்

பிளஸ் டூ படிக்கையில் என் மகன் ஒரு நாள் கேட்டான்: "அம்மா, நீங்க விசுவாசிங்கிறதால நானும் விசுவாசியா? எங்கிட்ட ஆண்டவர் பேசினதே இல்லையே?" ஊழியத்துக்கென்று நான் ஜெபித்துப் பெற்ற பிள்ளை. வயிற்றைப் பிசைந்தது. "அதை அவர்கிட்டயே கேளு. நிக்கோதேமு ராத்திரியில வந்து கேட்டான், அவர் விரட்டலையே" என்றேன். தேவாலயத்தில் 12 வயது இயேசுவும் போதகர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டுதானே இருந்தார்?

அந்த நாட்களில் தஞ்சாவூர் சுவார்ட்ஸ் ஐயரின் சரித்திரம் எனக்கு ஆறுதலாயிருந்தது. 1750-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனெரி அவர். திருமணம் செய்யவில்லை. ஆனாலும் பிள்ளைகளை வளர்த்தார். சக மிஷனெரியின் மகனான கோலாப்பைச் சிறு வயதிலேயே ஏற்று வளர்த்தார். பாளையங்கோட்டையில் 1774-ல் பிறந்த வேதநாயகம் என்ற சிறுவனை அவனுடைய தகப்பனிடம் கேட்டு, தஞ்சாவூருக்கு அழைத்துவந்து படிக்கவைத்தார். 1787-ல் துளஜா மகாராஜா இறக்கும் தறுவாயில், தாம் சுவீகாரம் எடுத்த சிறுவன் சரபோஜியை அவருடைய பாதுகாப்பில் விட்டார். சித்தப்பா முறையான அமர்சிங்கிடம் அந்தப் பிள்ளை கஷ்டப்பட்டபோது ஐயர் கம்பெனியாரிடம் வழக்காடி, 1793-ல் பத்திரமாகச் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வழிசெய்தார்.

மூவரும் என்ன ஆனார்கள்? கோலாப் 1787-ல் குருப்பட்டம் பெற்று, 1844-ல் மரிக்கும்வரை ஊழியம் செய்தார். வேதநாயகம் சாஸ்திரியார் தமிழ்ச் சபையின் மாபெரும் கீர்த்தனைக் கவிராயர் ஆனார். சரபோஜி 1798-ல் அரசரானார். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தவர் அவர்தான். ஆனால் கடைசிவரை ஞானஸ்நானம் பெறவில்லை.

அப்படியானால் ஐயரின் அன்பு வீணா? 1798 பிப்ரவரி 13-ல் ஐயர் மரித்தார். அவருடைய கல்லறைக் கல்லுக்கு சரபோஜி தாமே ஆங்கிலத்தில் வரிகள் எழுதினார். சிவகங்கைக் கோட்டை ஆலயத்தில் அவர் வைத்த பளிங்குச் சிலையை இன்றும் பார்க்கலாம். மரணப்படுக்கையில் இருக்கிற ஐயரின் கையை இளம் அரசர் பிடித்திருக்கிறார். ஐயர் விதைத்தார், விளைச்சலைக் கர்த்தரிடம் விட்டார். நடுகிறவனும் நீர் பாய்ச்சுகிறவனும் நாம். விளையச் செய்கிறவர் தேவன் (1 கொரிந்தியர் 3:6,7).

4. வேரைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள்

நாற்றங்காலில் பயிர் பச்சைப் பசேல் என்று நிற்கும். 25, 30 நாளில் பறித்து நட்டால், ஒரு வாரம் பத்து நாள் வெளுத்து, துவண்டு நிற்கும். தெரியாதவன் பார்த்தால் செத்துப்போச்சு என்பான். வேர் பிடித்ததும் பச்சை கட்டும். நம் பிள்ளைகளும் அப்படியே. ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் சொல்லிப் பரிசு வாங்கினது நாற்றங்கால். இப்போது சொந்த வயலில் நடவு. முகம் வெளுத்திருக்கும், பேச்சு துவண்டிருக்கும். வேர் பிடிச்சுதா என்று தினம் பிடுங்கிப் பார்க்கிற விவசாயி உண்டோ? தண்ணீர் காட்டுவான், களை பறிப்பான், காத்திருப்பான்.

என் மகன் இன்னும் ஞானஸ்நானத்துக்கு ஒப்புக்கொடுக்கவில்லை. அவனாகக் கேட்கிற நாளுக்குக் காத்திருக்கிறோம். எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்யச் சொல்லுகிற 1 தெசலோனிக்கேயர் 5:18-ன்படி, அவன் கேள்வி கேட்டதற்காகவே நான் ஸ்தோத்திரம் செய்கிறேன். கேள்வி கேட்கிற பிள்ளை இன்னும் நம்மோடு பேசிக்கொண்டிருக்கிற பிள்ளை.

இந்த வாரம் செய்துபாருங்கள்:

* குடும்ப ஜெபத்தை 15 நிமிஷத்துக்குள் முடியுங்கள். ஆளுக்கு ஒரு ஸ்தோத்திரம். பிள்ளை சொல்லுவதைத் திருத்த வேண்டாம்.
* சாப்பிடும்போது பெரியவர்களின் செல்போனும் அலமாரிக்குள் போகட்டும்.
* பிள்ளையின் ஒரு நல்ல குணத்தை அவன் காதுபடச் சொல்லுங்கள்.
* அவன் கேட்ட ஒரு கேள்வியை எழுதிவைத்து, அதற்காகக் கணவனும் மனைவியும் சேர்ந்து ஜெபியுங்கள்.

ஜெபம்: அன்பின் பரம தகப்பனே, நீர் எங்களுக்குத் தந்த வாலிபப் பிள்ளைகளுக்காக ஸ்தோத்திரம். எங்களுக்குப் பொறுமையும் சிரிப்பும் தாரும். உமது ஆவியானவர் ஏற்ற காலத்தில் அவர்களோடு பேசுவாராக. இயேசுவின் நாமத்தில், ஆமென்.