முழு எஞ்சின் எதற்கு?

என் 2008 மாடல் ஸ்ப்ளெண்டர் நீலப்புகை கக்குகிறது. சென்னை புதுப்பேட்டையில் பழைய எஞ்சின் மலிவாகக் கிடைக்குமாமே, வாங்கிப் போடலாமா? (வாசகர், விழுப்புரம்)

கிடைக்கும், ஆனால் வாங்காதீர்கள். எஞ்சின் எண் கிராங்க்கேஸில்தான் பொறித்திருக்கிறது. ஆர்.சி.யோடு அது ஒத்துப்போகாவிட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும், திருட்டு வண்டியின் எஞ்சின் என்றால் காவல் நிலையத்துக்கும் அலைவது நீங்கள்தான். 'மொத்தமாக வாங்கினால் லாபமாயிற்றே' என்பீர்கள். உள்ளே பிஸ்டன் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து யாருக்குத் தெரியும்? அதையும் பிரித்துத்தானே ஆக வேண்டும்! நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. பெரும்பாலும் ரிங், போர், வால்வு சீல் தேய்மானம். உங்கள் எஞ்சினையே ரீபோர் செய்து, அதற்கேற்ற பிஸ்டன், ரிங், வால்வு சீலைப் புதிதாகப் போடுங்கள். மட்கார்டு, சைலன்சர், வீல் ரிம் போன்று கண்ணால் பார்த்தே தேர்ந்தெடுக்கக்கூடியவற்றுக்குப் புதுப்பேட்டை சரி. போகும்போது பழைய பாகத்தைக் கையோடு கொண்டு போங்கள். ஒப்பிட்டுப் பார்க்காமல் காசை நீட்டாதீர்கள்.