திருவிழாப் பெருங்கூட்டமும் கம்பியில்லா வழிகாட்டியும்

திவ்ய க்ஷேத்திரங்களிலே நிகழும் பெருவிழாக்களைச் சேவிக்க வரும் யாத்திரிகர் எவராயினும், அவர் உள்ளத்தில் மூன்று வினாக்கள் எழாமல் இரா. நாம் இப்பொழுது நிற்குமிடம் எது? சென்று சேர வேண்டிய இடத்திற்கு எவ்வழியே போவது? உடன் வந்தவர்கள் எங்கே? கூட்டம் சுருங்கியதாய் இருந்த காலத்தில் இவற்றுக்கு விடை கூற ஒரு பூக்கடைக்காரரோ, ஸந்நிதித் தெருவிலே திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவரோ போதுமாயிருந்தது. இலட்சக்கணக்கிலும் கோடிக்கணக்கிலும் மக்கள் கூடும் இந்நாளில், அவ்விடைகளைக் கம்பியில்லாத் தொடர்பினாலும், எங்கோ தொலைவிலிருந்து வேலை செய்யும் கணினிகளாலும் தருவதற்கு முயல்கின்றனர். அம்முயற்சி எவ்வாறு இயங்குகிறது, எவ்விடத்தே துணை நிற்கிறது, எவ்விடத்தே கைவிடுகிறது என்பவற்றை விழாவுக்கு வருவோர் ஒருவாறேனும் அறிந்திருத்தல் வேண்டும். உயிர் பற்றிய செய்தியாதலின், இதனைப் பொறியியலார்க்கே உரியதென்று விட்டுவிடலாகாது.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு பிரயாகை. கங்கையும் யமுனையும் கூடும் அம்மணற்பரப்பிலே, பிரயாக்வால் எனப்படும் தீர்த்தப் புரோகிதர்கள் உயர்ந்த மூங்கிற்கழிகளில் தத்தமக்குரிய அடையாளக் கொடிகளை ஏற்றி வைப்பது நெடுநாளைய வழக்கம். மீன் முதலிய உருவங்கள் தீட்டிய அக்கொடிகளைத் தொலைவிலிருந்தே கண்டு, எழுதப் படிக்கத் தெரியாதவரும் தம் குடும்பத்துப் புரோகிதரைச் சென்றடைவர். கம்பியில்லா வழிகாட்டி என்று பெயரிடத் தகுந்தவற்றுள் இதுவே மூத்தது என்று சொன்னாலும் பிழையில்லை. பின்னர் 1946ஆம் ஆண்டில் ராஜாராம் திவாரி என்பார், வழிதவறியோர் முகாம் என்று பொருள்படும் ‘பூலே பட்கே சிபிர்’ என்பதைத் தொடங்கினார். காணாமற்போனவரின் பெயரும் ஊரும் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும். உற்றார் வந்து அழைத்துச் செல்வர். 2016ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்னரும் அத்தொண்டு தொடர்ந்து நடந்துவருகிறது.

2025ஆம் ஆண்டு ஜனவரி 13 முதல் பிப்ரவரி 26 வரை 45 நாட்கள் நிகழ்ந்த மகா கும்பமேளாவுக்கு வந்தோர் தொகை 66 கோடிக்கு மேற்பட்டது என்பது அரசாங்கக் கணக்கு. ஏறத்தாழ 4,000 ஹெக்டேர் நிலம் 25 பிரிவுகளாக வகுக்கப்பட்டது. ஆற்றின்மேல் 30 மிதவைப் பாலங்கள் இடப்பட்டன. விளக்குக் கம்பங்களில் எண்களும், க்யூஆர் கோடு எனப்படும் சதுரக் குறியீடுகளும் ஒட்டப்பட்டன. கைப்பேசியை அக்குறியின்முன் நீட்டினால், நிற்குமிடம் இன்னதென்பதைத் தெரிவித்து உதவி கோரலாம். பதினொரு மொழிகளில் வினவினால் விடை கூறும் உரையாடற் செயலி ஒன்றும் அமைந்தது. 2,700க்கு மேற்பட்ட நிழற்படக் கருவிகள் கூட்டத்தைக் கண்காணித்தன. அவற்றுட் பல, ஓரிடத்தில் கூட்டம் மிகுவதைத் தாமே கணித்துக் கட்டுப்பாட்டு அறைக்கு எச்சரிக்கை விடுக்க வல்லவை. காணாமற்போனோர் நிலையங்களும் கணினிகளால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தன. இவ்வாறு இணைத்தலின் பயன் பெரிது. ஒரு பிரிவில் அழுதுகொண்டு நிற்கும் குழந்தையின் படத்தை, ஆற்றுக்கு அப்பாலுள்ள பிரிவில் தேடி நிற்கும் தாய் அக்கணமே திரையிற் காணலாம். ஒலிபெருக்கியின் ஓசையோ அத்தனை தூரம் எட்டாது.

இவற்றின் பின்னணியில் நிற்பது ‘மேகக் கணிமை’ என்பதாகும். பெயரைக் கேட்டு மயங்க வேண்டா. நம் கல்யாணங்களுக்கு மூன்று நாளைக்குப் பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு வாங்குகிறோமன்றோ? ஆண்டு முழுதும் ஆயிரம் பேருக்குரிய அண்டாக்களை வீட்டில் வாங்கி வைப்பார் உளரோ? விழா நாட்களில் மட்டும் பன்மடங்காகப் பெருகும் வேலைக்கு ஒரு தேவஸ்தானம் சொந்தமாகக் கணினிகளை வாங்கிக் குவித்தல் அவ்வாறே வீண்செலவு. வேறிடத்திலுள்ள பெருங்கணினி நிலையங்களில் வேண்டிய அளவு இடமும் ஆற்றலும் வாடகைக்குப் பெற்று, விழா முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம். பந்தற்காரர் கடையைப் போன்றதே இஃது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. பந்தல் நம் வாசலில் நிற்கும். இதுவோ தொலைவில் நிற்பது. இடையேயுள்ள தொடர்பு அறுந்தால், எத்துணைப் பெரிய கணினியும் யாத்திரிகருக்கு இல்லாததற்கு ஒப்பாகும்.

அத்தொடர்பு அறுவது எப்பொழுது? கூட்டம் மிகும் பொழுதே என்பதுதான் வியப்பு. நம் கைப்பேசிகள் ஒவ்வொன்றும் அருகிலுள்ள செல்போன் கோபுரத்துடன் வானொலி அலையால் பேசுகின்றன. ஒரு கோபுரத்தின் பங்கில் உள்ள அலைவரிசைக்கு எல்லை உண்டு. அதனை அங்குள்ளோர் அனைவரும் பங்கிட்டுக்கொள்ளவேண்டும். சில நூறு பேருக்குத் தாராளமாயிருப்பது பல்லாயிரவருக்குப் போதாது. இணைப்புக் கிட்டாதவர் மீண்டும் மீண்டும் முயல்வர்; அம்முயற்சியாலேயே நெருக்கடி மேலும் பெருகும். இதனை உணர்ந்தே விழாக்களுக்குச் சக்கரங்களின்மேல் நிறுவிய தற்காலிகக் கோபுரங்களைக் கொணர்கின்றனர். அவையும் ஓரளவுக்கே ஈடுகொடுக்கும்.

இத்தகைய வேளையில் இரண்டு வழிகள் கைகொடுக்கும். குறுஞ்செய்தி மிகச் சிறிய இடத்தையே வேண்டுவதாதலின், பேச்சும் படமும் செல்லாதபோதும் சில நேரம் சென்று சேரும். மற்றொன்று, கோபுரத்தின் எல்லைக்குள் உள்ள எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே அலையில் ஒரே செய்தியை ஒலிபரப்பும் முறை. ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைப்பது வீடுதோறும் சென்று கதவைத் தட்டுவது போலாம். இதுவோ தெருமுனையில் நின்று தமுக்கடிப்பது போன்றது. ஆயிரவர் கேட்பினும் இலட்சம் பேர் கேட்பினும் கோபுரத்துக்குச் சுமை ஒன்றே. நம் நாட்டில் 2023ஆம் ஆண்டில் இதனைச் சோதித்தபோது, கைப்பேசிகள் திடீரெனப் பேரொலி எழுப்பியதையும், பலர் அஞ்சியதையும் வாசகர் நினைவுகூர்வர். ‘இவ்வழி நிறைந்துவிட்டது, அடுத்த வாயிலுக்குச் செல்க’ என்று அறிவிக்க இதனினும் தக்க கருவி இல்லை என்பது எமது துணிபு.

நிற்க. வழிகாட்டும் வரைபடத்தைப் பற்றியும் ஒரு சொல். நாம் நிற்குமிடத்தைக் கைப்பேசி அறிவது, ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் செயற்கைக்கோள்களின் அலைகளைக் கொண்டு. வெட்டவெளியில் ஏறத்தாழ 5 மீட்டர் அளவுக்குள் இடத்தைக் காட்டும். அதற்குச் செல்போன் கோபுரம் வேண்டுவதில்லை என்பதைப் பலர் அறியார். வரைபடத்தை முன்னரே கைப்பேசியில் இறக்கி வைத்திருந்தால், தொடர்பு அற்ற இடத்திலும் அது வழிகாட்டும். ஆனால் நம் கோயில்களோ கருங்கல்லால் எழுந்தவை. அத்தனை தொலைவிலிருந்து மெலிந்து வரும் அலை, கல்மண்டபத்துக் கூரையைத் துளைத்து உட்புகாது. ஆயிரக்கால் மண்டபத்தினுள் நின்று கைப்பேசியைப் பார்ப்பவர்க்கு அது வேறொரு வீதியைக் காட்டினால் கருவியை நோவதிற் பயனில்லை. இத்தகைய இடங்களில் தூண்தோறும் சிறு புளூடூத் கருவிகளைப் பொருத்தலாம்; அவை தம் எண்ணை இடைவிடாது கூறிக்கொண்டே இருக்கும்; அதைக் கேட்கும் கைப்பேசி தன் இடத்தை அறியும். பிரயாகைக் கொடியும் இதுவும் கொள்கையால் ஒன்றே.

இனி இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். 2025 ஜனவரி 29, மௌனி அமாவாஸ்யை. விடியற்கு முன்னர் சங்கமத் துறையருகே நேர்ந்த நெரிசலில் 30 பேர் மாண்டனர் என்று அரசு அறிவித்தது. நீதி விசாரணைக்கும் ஆணையிட்டது. மேற்சொன்ன நிழற்படக் கருவிகளும் கணினிகளும் கட்டுப்பாட்டு அறையும் அன்றும் இருந்தன. அருகிலுள்ள துறையிலேயே நீராடுக, சங்கம முனைக்கே வரவேண்டா என்னும் வேண்டுகோளை, நெரிசல் நேர்ந்த பின்னர் முதலமைச்சரே விடுத்தார். அவ்வொரு செய்தி முந்தைய மாலையே ஒவ்வொரு பாலத்தருகும் ஒவ்வொரு யாத்திரிகர் செவியிலும் விழுந்திருக்குமாயின் என்று எண்ணாதிருக்க இயலவில்லை.

கூட்டத்தின் இயல்பை ஆராய்ந்த அமெரிக்கப் பொறியியலறிஞர் ஜான் ஃபுரூயின், ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ ஏழு பேர் நெருங்கிவிட்டால் அக்கூட்டம் திரவம் போலாகிவிடும் என்று காட்டினார். அந்நிலையில் தனி மனிதர் தம் விருப்பப்படி ஓரடியும் எடுத்து வைக்க இயலாது. கூட்டத்தில் எழும் அலை அவரைத் தூக்கிச் செல்லும். மிதியுண்டு இறப்போரினும், நின்ற நிலையிலேயே மார்பு அழுந்தி மூச்சடைத்து இறப்போரே பலர். அவ்விடத்தே கைப்பேசியை எடுக்கக் கையைத் தூக்கவும் இயலாது. முன்னே நிகழ்வதைப் பின்னே நிற்பவர் அறியார். அறியாமையாலேயே முன்னோக்கித் தள்ளுவர். ஆகவே வழிகாட்டும் செய்தி நெரிசலுள்ள இடத்திற்குப் போவதால் பயனில்லை. அதற்குப் பின்னே, இன்னும் நடந்து வந்துகொண்டிருப்பவரிடம் போதல் வேண்டும். கட்டுப்பாட்டு அறை அறிந்தது போதாது. அறிந்தது எத்தனை நிமிடத்தில் கடைசி வரிசையைச் சேர்ந்தது என்பதே கேள்வி.

நம் பக்கத்து நிகழ்ச்சிகளும் இதனையே காட்டுகின்றன. காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் அநந்தஸரஸ் திருக்குளத்தினின்று அத்திவரதர் எழுந்தருளியது 1979க்குப் பின் 2019இல். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் சேவை. முந்தைய முறை கைப்பேசி இல்லை. இம்முறையோ ஒருவர் சேவித்து வெளிவருமுன்னரே அவரனுப்பிய படம் உலகெங்கும் பரவிற்று. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்ததாகக் கணக்கிட்டனர். ஜூலை 18 அன்று கூட்டத்திடையே நால்வர் உயிரிழந்தனர். ‘வாருங்கள்’ என்று அழைக்க இத்துணை விரைவாகப் பயன்பட்ட கைப்பேசி, ‘இன்று வேண்டா, நாளை மறுநாள் வாருங்கள்’ என்று சொல்லவும் அதே விரைவில் பயன்படவேண்டுமன்றோ?

திருப்பதியில் அவ்வழி ஓரளவு தொடங்கியிருக்கிறது. 2025 ஜனவரி 8 அன்று வைகுண்ட துவார தரிசன டோக்கன் பெறக் காத்திருந்த கூட்டத்தில் அறுவர் மாண்டனர். நெரிசல் ஸந்நிதியில் அன்று, சீட்டு வழங்குமிடத்தில்! அதற்கடுத்த வைகுண்ட ஏகாதசியை ஒட்டி, முதல் மூன்று நாட்களுக்குரிய டோக்கன்களை இணையவழிக் குலுக்கலினால் வழங்கினர். எஞ்சிய நாட்களில் டோக்கனின்றி வரிசையில் நின்று சேவிக்கும் வழியும் இருந்தது. வீட்டிலிருக்கும்போதே விடை கிடைத்துவிடுதலால், கிட்டாதவர் பயணம் புறப்படுவதில்லை. இதில் குறை ஒன்று உண்டு. கைப்பேசி இல்லாத ஏழை எளியோரும் முதியோரும் குலுக்கலுக்கே வரமாட்டார்கள். பிறர் துணையோடேனும் அவர்கள் பதிவு செய்துகொள்ள ஊர்தோறும் ஓர் இடம் வேண்டும்.

கைப்பேசி இல்லாதார்க்கு வேறொரு முறையும் உண்டு. அமர்நாத் யாத்திரையில் 2022 முதல் வானொலி அலையால் அறியப்படும் அட்டைகளை யாத்திரிகர்க்கு வழங்குகின்றனர். இத்தகைய அட்டைகள் பெரும்பாலும் மின்கலம் வேண்டாதவை. வழியிலுள்ள வாயிற்கருவியின் அலை பட்டதும் விழித்துத் தம் எண்ணைக் கூறும். எந்த வாயிலை எத்தனை பேர் கடந்தனர், யார் இன்னும் திரும்பவில்லை என்பது இதனால் விளங்கும். இவ்வாறு திரளும் முகமும் பெயரும் நடமாட்டமும் விழா முடிந்ததும் அழிக்கப்படவேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம். பந்தலைப் பிரித்தபின் குழிகளை மூடுவது போன்ற கடமை அது.

விழாவுக்கு வந்திருக்கும் அன்பர்கள் தம்மளவில் செய்யக்கூடியனவும் சில உள. வரைபடத்தைத் தங்குமிடத்திலேயே இறக்கிக்கொள்க. பிரிந்தால் கூடுமிடம் இன்னதென்று, கூட்டத்தில் இறங்குமுன் குடும்பத்தார் அனைவரும் பேசி வைத்துக்கொள்க. எளிதில் மறையாத கம்பமோ மண்டபமோ நல்லது. சபரிமலையில் சிறாரின் மணிக்கட்டில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் காவலர் கட்டி அனுப்புகின்றனர். அப்பட்டை கிடைக்காத ஊரில், குழந்தையின் முன்கையிலே அழியாத மையினால் எண்ணை எழுதிவிடலாம். முதியோரின் மடியிலும் அவ்வாறே ஒரு சீட்டு இருக்கட்டும். அவர்களுக்குத் தம் மகனின் பெயர் நினைவிருக்கும், எண் நினைவிராது.