கழுத்தைத் திருப்பாத குழந்தைக்கு எந்தப் படம்?

திருப்பூரில் நெருப்பெரிச்சல், போயம்பாளையம் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள், குழந்தைக்குக் காய்ச்சல், தொண்டைவலி என்றால் மெடிக்கலில் சிரப் வாங்கிக் கொடுத்துச் சமாளிப்பார்கள். ஷிப்டைத் தவறவிட்டால் கூலி போகும். சனிக்கிழமை சம்பளம் வந்த பிறகுதான் ஸ்கேன் சென்டருக்கு வருவார்கள். பெரும்பாலான தொண்டைவலி தானாகவே அடங்கிவிடும். கழுத்தின் ஆழத்தில் சீழ் பிடித்தால் மட்டும் அந்தக் காத்திருப்பு ஆபத்து. எக்ஸ்ரே, சி.டி. எடுக்கும் டெக்னீஷியனாக நான் கற்றவை இவை.

முதலில் மூச்சு

மூக்கு, தொண்டையில் வரும் கிருமி தொண்டைக்குப் பின்னாலுள்ள நெறிக்கட்டிகளில் தங்கும். ஐந்து வயதுக்குமேல் அந்தக் கட்டிகள் சுருங்கிவிடும். அதனால் இந்தச் சீழ் அதிகம் வருவது சின்னக் குழந்தைகளுக்கு. "மேலே ஃபேனைப் பாரு கண்ணு" என்று சொல்லிப் பார்ப்பேன். தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தினால் எனக்குச் சந்தேகம் வரும். எச்சில் விழுங்க முடியாமல் வடிவது, வாயில் சோற்றை அடக்கிக்கொண்டு பேசுவதுபோலக் குரல் மாறுவது, மூச்சில் சத்தம் ஆகியவை இருந்தால் ஸ்கேன் சென்டர் வரிசையில் நிற்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு, காது மூக்கு தொண்டை மருத்துவரும் மயக்க மருத்துவரும் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சுத் திணறும் குழந்தையைப் படத்துக்காக மல்லாக்கப் படுக்க வைத்தால் அடைப்பு கூடலாம்.

எக்ஸ்ரே: அழுகையின் இடைவெளி

பக்கவாட்டில் எடுக்கும் கழுத்து எக்ஸ்ரேயில், தொண்டைக்கும் முதுகெலும்புக்கும் நடுவிலுள்ள சதையின் தடிப்பைப் பார்ப்பார்கள். குழந்தைகளுக்கு இரண்டாம் கழுத்தெலும்பின் முன்னால் 7 மில்லிமீட்டர், ஆறாம் எலும்பின் முன்னால் 14 மில்லிமீட்டர் தாண்டினால் சந்தேகம். ஆனால் குழந்தை அழுதாலோ, விழுங்கினாலோ, தாடையைத் தாழ்த்தினாலோ வீக்கமே இல்லாமலும் அந்தச் சதை தடித்துத் தெரியும். அதனால் குழந்தையை மடியிலேயே உட்கார வைத்து, செல்போனைக் கண்மட்டத்துக்குச் சற்று மேலே காட்டச் சொல்வேன். தாடை தானாக உயரும். அழுகைக்கு நடுவே மூச்சை உள்ளிழுக்கும் நொடியில் எடுப்பேன். பிடித்துக்கொள்பவர் ஈய ஏப்ரன் போட வேண்டும். கர்ப்பமான அம்மா பிடிக்கவே கூடாது.

அல்ட்ராசவுண்டும் சி.டி.யும்

கழுத்தின் பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் வீக்கம் என்றால் அல்ட்ராசவுண்ட் முதலில் போதும். கதிர்வீச்சு கிடையாது, கட்டி வெறும் வீக்கமா, உள்ளே சீழ் கோத்துவிட்டதா என்று காட்டும். தொண்டைக்குப் பின்னால் இருப்பதை அதை நம்பித் தள்ளிவிட முடியாது. அங்கே சி.டி. வேண்டும்.

"ஏனுங்க, அந்த மருந்து ஊசி இல்லாம எடுத்தா செலவு குறையுமுங்களா?" என்று கேட்பார்கள். குறையும். ஆனால் கான்ட்ராஸ்ட் மருந்து இல்லாவிட்டால் வீங்கிய சதையையும் சீழையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். திரும்ப எடுத்தால் குழந்தைக்குக் கதிர்வீச்சும் இரட்டிப்பு. சீழ் கீழே நெஞ்சுவரை இறங்கக்கூடும் என்பதால் மண்டையோட்டின் அடியிலிருந்து மேல்நெஞ்சுவரை எடுப்போம். அலர்ஜி, ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்பே சொல்லுங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டது, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதும் தேவை. மருந்து அட்டையையே கொண்டு வாருங்கள்.

நடுவில் கறுப்பும் சுற்றிலும் வெளிச்ச வளையமும் தெரிந்தால் ரிப்போர்ட்டில் சீழ்க்கட்டி என்று வரும். அப்படி வந்தும் ஆபரேஷனில் சீழ் இல்லாமல் போவதுண்டு. மூச்சு சீராக இருந்து, கட்டியும் சின்னதாக இருந்தால், நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் கொடுத்து ஓரிரு நாள் பார்ப்பார்கள். ஆபரேஷன் தள்ளிப் போனால் அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். சி.டி.க்குப் பதிலாக எம்.ஆர்.ஐ. எடுத்தால் கதிர்வீச்சு இல்லை. ஆனால் நேரம் பிடிக்கும், சின்னக் குழந்தைக்கு மயக்கம் தேவைப்படும். மூச்சுப்பாதை அடைபடும் நிலையில் அது ஆபத்து.

வாரக்கணக்கில் மெல்லிய காய்ச்சலும் எடை குறைவும் இருந்தால், காசநோயை மனதில் வைத்து மருத்துவர்கள் கழுத்தெலும்பையும் கவனிப்பார்கள். வீட்டில் யாராவது காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டால் மறைக்காதீர்கள்.

திருப்பூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அங்கே போனாலும் கோவைக்கு அனுப்பினாலும் இ.எஸ்.ஐ. அட்டையோ முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ கையில் இருக்கட்டும். ஸ்கேன் எடுத்த இடத்தில் ஃபிலிமோடு டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் தேர்ந்தெடுத்த படங்கள்தான் இருக்கும். டிஸ்க்கில் முழு ஸ்கேனும் இருக்கும். அது இருந்தால் அடுத்த ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் திரும்ப எடுக்க வேண்டியிருக்காது.