பக்கவாதத்துக்குப் பிறகு: பொத்தானை அவரே போடட்டும்

பக்கவாதம் வந்தவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும், பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டுப் போவார்கள். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் அவற்றில் சில, எழுந்து வருகிறவரை மறுபடி கட்டிலில் சாய்த்துவிடும்.

நம்பிக்கை: புறா ரத்தம் தேய்த்தால் விழுந்த கை எழும்பும்.
உண்மை: பழுது கையில் இல்லை, மூளையில். ரத்தக்குழாய் அடைத்தோ வெடித்தோ, கையை இயக்கும் பகுதி சேதமாகிவிட்டது. தோலில் தடவுவது எதுவும் அங்கே போய்ச் சேராது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் மூளையின் மற்றப் பகுதிகள் அந்த வேலையைப் பழகிக்கொள்கின்றன. பிசியோதெரபி செய்வது இதைத்தான். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இந்தப் பயிற்சியை வீட்டுக்கே வந்து தருகிறார்கள்.

நம்பிக்கை: ஆறு மாதம் தாண்டினால் அவ்வளவுதான்.
உண்மை: முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு வேகம் குறையும், நின்றுவிடாது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப், நோயாளிகளின் நல்ல கையைக் கட்டிவைத்து, பாதித்த கைக்கே நாள் முழுக்க வேலை கொடுத்தார். ஓரளவு அசைவு மிஞ்சியிருந்தவர்களுக்கு, ஓராண்டுக்கு மேல் ஆன பிறகும் கை தேறியது.

நம்பிக்கை: பேச்சு போனால் புத்தியும் போயிற்று.
உண்மை: பெரும்பாலோருக்கு மொழிக்கான பகுதி மூளையின் இடப்பக்கம் இருக்கிறது. அங்கே அடிபட்டால் சொல் சிக்கிக்கொள்ளும். எதிரே நிற்பது மகளா மருமகளா என்பது தெரியும். தலையசைத்தே பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேட்டு, காத்திருங்கள். அவரை வைத்துக்கொண்டே அவர் கதையை மற்றவரிடம் சொல்லாதீர்கள்.

நம்பிக்கை: இனி உத்தியோகம் போனதுதான்.
உண்மை: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 20-ஆவது பிரிவுப்படி, பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பார்த்த வேலை முடியாவிட்டால், அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும்.

நம்பிக்கை: எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவதுதான் அன்பு.
உண்மை: பயன்படுத்தாத கை மேலும் மறந்துபோகும். விழுங்குவதில் சிக்கல் இல்லையென்று மருத்துவர் சொல்லிவிட்டால், ஸ்பூன் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுங்கள், அவரே சாப்பிடட்டும். சட்டை போடும்போது பாதித்த கை முதலில், கழற்றும்போது கடைசியில். பொத்தான் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் ஆகலாம். உங்கள் கை தானாக நீளும். நீட்டாமல் பக்கத்தில் நில்லுங்கள்.