கையில் இருக்கும் படத்தை மறுபடி வாங்குவது

வீட்டில் வைத்துப் பார்க்கும் சினிமா சில ஆண்டுகளுக்கு ஒரு முறை உருவம் மாறி வந்திருக்கிறது. 1993இல் விசிடி, 1996இல் டிவிடி, 2006இல் ப்ளூ-ரே, 2016இல் 4கே ப்ளூ-ரே. விசிடியின் ஒரு ஃபிரேமில் சுமார் 1 லட்சம் புள்ளிகள். டிவிடியில் 4 லட்சம், ப்ளூ-ரேயில் 20 லட்சம், 4கே டிஸ்க்கில் 83 லட்சம். ஒரே படத்தை இரண்டாவது, மூன்றாவது முறையாகக் காசு கொடுத்து வாங்க வைப்பவை இந்த எண்களே. அகிரா குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ (1954) படத்தை அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் டிவிடியாக 1998இலும் 2006இலும், ப்ளூ-ரேயாக 2010இலும், 4கேயாக 2024இலும் வெளியிட்டது. முதலிலிருந்து கூடவே வந்தவரின் அலமாரியில் ஒரே படத்துக்கு நான்கு பெட்டிகள் நிற்கும்.

உறையில் அச்சாகும் எண் பாத்திரத்தின் கொள்ளளவைத்தான் சொல்கிறது. அண்டா பெரிதானதால் பால் கூடிவிடாது. ஆகவே புதிய பதிப்பு அறிவிக்கப்பட்டதும் முதலில் விசாரிக்க வேண்டியது, அது எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை.

ஃபிலிமில் எடுத்த படம் கேமரா நெகட்டிவில் பிறக்கிறது. அதிலிருந்து ஒரு பாசிட்டிவ், அதிலிருந்து இன்னொரு நெகட்டிவ், கடைசியில் தியேட்டருக்குப் போகும் பிரிண்ட். ஒவ்வொரு படியிலும் நுணுக்கம் கொஞ்சம் உதிர்ந்துகொண்டே வரும். டிவிடியின் ஆரம்ப காலத்தில் வந்த பல டிஸ்க்குகள் இந்த வரிசையின் கடைசியில் இருந்த பிரதிகளிலிருந்து எடுக்கப்பட்டவை. சில, வீடியோ டேப்புக்காகச் செய்து வைத்திருந்த பழைய மாஸ்டரை அப்படியே ஏற்றியவை. மூல நெகட்டிவைப் புதிதாக ஸ்கேன் செய்து ஒரு பதிப்பு வருகிறது என்றால், பழைய டிவிடி வைத்திருப்பவர் தயங்காமல் வாங்கலாம். நல்ல நிலையில் உள்ள 35 மி.மீ. நெகட்டிவில் ப்ளூ-ரே காட்டக்கூடியதைவிடவும் அதிக நுணுக்கம் இருக்கிறது. அதனால்தான் 1960களின் படம் ஒன்று 4கேயில் பளிச்சென்று துலங்கும்போது, 2000களின் படம் ஒன்று பழைய ப்ளூ-ரேயிலிருந்து அதிகம் விலகாமல் நிற்கிறது. அந்தப் பத்தாண்டில் பல படங்களின் கலர் வேலை கம்ப்யூட்டரில் 2கே அளவிலேயே முடிக்கப்பட்டது. அவற்றின் 4கே டிஸ்க் பெரும்பாலும் அந்த 2கேயை நீட்டிப் பெரிதாக்கியதுதான். ‘28 டேஸ் லேட்டர்’ (2002) இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறது. அதன் பெரும்பகுதி கேனன் எக்ஸ்எல்1 என்ற சாதாரண டிஜிட்டல் வீடியோ கேமராவில் எடுக்கப்பட்டது. அதன் பிசிறான உருவம் இயக்குநர் விரும்பித் தேர்ந்தது. எத்தனை லட்சம் புள்ளிகளில் போட்டாலும் கேமரா பார்க்காததை டிஸ்க் காட்டாது.

மூலம் மாறினால் படம் எப்படி மாறும் என்பதற்கு சத்யஜித் ராயின் அபு வரிசை மூன்று படங்களைவிடப் பெரிய சான்று இல்லை. 1993 ஜூலையில் லண்டனில் ஹெண்டர்சன்ஸ் லேபில் நேர்ந்த தீவிபத்தில் ‘பதேர் பாஞ்சாலி’, ‘அபராஜிதோ’, ‘அபுர் சன்சார்’ மூன்றின் நெகட்டிவ்களும் சிக்கின. கருகியும் ஒட்டிக்கொண்டும் கிடந்த சுருள்களை லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள அகாடமி ஃபிலிம் ஆர்க்கைவ் தூக்கிப் போடாமல் பாதுகாத்தது. இருபது ஆண்டு கழித்து இத்தாலியின் போலோஞ்யா நகரிலுள்ள ‘லிம்மாஜினே ரித்ரோவாத்தா’ கூடத்தில், காய்ந்து முறுகிய ஃபிலிமுக்கு ஈரப்பதம் ஏற்றி, ஓரத் துளைகளை ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்து ஸ்கேன் செய்தார்கள். ‘பதேர் பாஞ்சாலி’யில் சுமார் 40 சதவீதமும் ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கு மேலும் மூல நெகட்டிவிலிருந்தே கிடைத்தன. மீதிக்கு வெவ்வேறு ஆவணக் காப்பகங்களில் இருந்த நல்ல பிரதிகள் உதவின. அந்த மீட்டெடுப்பு 2015இல் ப்ளூ-ரேயாக வந்தது.

அதற்கு முன் தேய்ந்த டிவிடியிலோ விசிடியிலோ ‘பதேர் பாஞ்சாலி’ பார்த்தவருக்கு, அபுவும் துர்காவும் ரயில் பார்க்கப் போகும் நாணல்வெளி ஒரு வெள்ளைப் படலமாகத்தான் நினைவில் இருக்கும். மீட்டெடுத்த பதிப்பில் பூக்கதிர்கள் தனித்தனியாக அசைகின்றன. தொலைவில் கரும்புகை எழுவது வானத்திலிருந்து பிரிந்து தெரிகிறது. இந்த வித்தியாசத்துக்காக ஒரு படத்தை மறுபடி வாங்குவது வீண் செலவே ஆகாது. ஆனால் 2024இல் வந்த 4கே டிஸ்க்கும் அதே 2015 மீட்டெடுப்பின் மேல் நிற்பது. டிவிடியிலிருந்து ப்ளூ-ரேக்குப் போனது ஒரு தாவல் என்றால் ப்ளூ-ரேயிலிருந்து 4கேக்குப் போவது ஓர் அடி. 2015 பெட்டியை வைத்திருப்பவர் நிதானமாகவே இருக்கலாம்.

புதியது பழையதைவிட மோசமாக இருப்பதும் உண்டு. ஃபிலிமில் எடுத்த படத்தில் மணல் தூவியது போல நுண்ணிய துகள்கள் அசைந்துகொண்டே இருக்கும். கிரெய்ன் என்று சொல்லும் அந்தத் துகள்களால்தான் பிம்பமே ஆகியிருக்கிறது. அதை அழுக்கு என்று நினைத்து மென்பொருளால் துடைத்தால், கூடவே தோலின் துளைகளும் முடி இழைகளும் துணியின் நெசவும் போய்விடும். ‘பிரிடேட்டர்’ (1987) படத்தின் 2010 ப்ளூ-ரேயில் நடந்தது இதுவே: காட்டில் வியர்வையும் சேறுமாக நிற்கும் அர்னால்டின் முகம் மெழுகு பொம்மை போல வழவழவென்று ஆனது. 2008இல் வந்திருந்த சுமாரான டிஸ்க்கே மேல் என்று பலர் அதற்குத் திரும்பினார்கள். 2018இன் 4கே பதிப்பில்தான் கிரெய்ன் மீண்டது. ‘கிளாடியேட்டர்’ படத்தின் 2009 ப்ளூ-ரேயில், முதல் போர்க்காட்சியில் பறக்கும் தீ அம்புகளையே மென்பொருள் தூசி என்று எண்ணி அழித்திருந்தது. அடுத்த ஆண்டு திருத்திய டிஸ்க் வந்தது. ‘சிட்டிசன் கேன்’ படத்தின் 2021 பதிப்பில் ப்ளூ-ரே டிஸ்க் இடையில் வெளிறிப்போய், பிறகு மாற்று டிஸ்க் கொடுக்கப்பட்டது. வெளியான அன்றே வாங்குகிறவர்தான் இந்தப் பிழைகளுக்கெல்லாம் முதலில் ஆளாகிறார். மூன்று மாதம் பொறுத்தால் குறைகள் வெளியே வந்துவிடும்; விலையும் பெரும்பாலும் இறங்கியிருக்கும்.

கலரும் மூலத்தின் ஒரு பகுதியே. ‘தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ (1971) படத்தின் 2009 ப்ளூ-ரேக்கு இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கின் கலரை வெளிறவைத்து, அதன் மேல் சாயம் பூசினாற்போல ஒரு தோற்றம் கொடுத்தார். ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். 2012இல் வேறு கலரில் மறுபடி வெளிவந்தது. இயக்குநரே பக்கத்தில் உட்கார்ந்து செய்த வேலை என்றால் அது தியேட்டரில் பார்த்த படமாகவே இருக்கும் என்று நம்பிவிட முடியாது.

கலர் மாறினாலும் படம் அதே படம்தான். சில பதிப்புகளில் படமே வேறாகிவிடுகிறது. ‘ஸ்டார் வார்ஸ்’ (1977) 1997இல் புதிய காட்சிகளும் கம்ப்யூட்டர் உருவங்களும் சேர்த்து மாற்றப்பட்டது. பிறகும் மாற்றங்கள் தொடர்ந்தன. தியேட்டரில் முதலில் ஓடிய வடிவம் 2006இல் ஒரு டிவிடியின் கூடுதல் டிஸ்க்காக, லேசர் டிஸ்க்குக்காக 1993இல் செய்த பழைய மாஸ்டரிலிருந்து கொடுக்கப்பட்டது. 2011 ப்ளூ-ரேயிலும் 2020இன் 4கேயிலும் அது இல்லை. 4கே வாங்கிவிட்டோமே என்று 2006 டிவிடியைக் கொடுத்துவிட்டவர், 1977இல் உலகம் பார்த்த படத்தையே கொடுத்துவிட்டார். ‘ஈ.டி.’ 2002இல் மறுபடி வந்தபோது காவலர்களின் துப்பாக்கிகள் வாக்கி-டாக்கிகளாக மாறியிருந்தன. 2012 ப்ளூ-ரேயில் 1982இன் வடிவமே திரும்பியது. ‘பிளேட் ரன்னர்’ படத்தின் 2007 பெட்டி ஐந்து வடிவங்களையும் ஒன்றாகக் கொடுத்தது. அதை வைத்திருப்பவர் இறுதி வடிவம் மட்டும் உள்ள புதிய டிஸ்க்கை அதற்குப் பதிலாக நினைக்கக் கூடாது. உறையின் பின்புறம் எத்தனை நிமிடம், எந்த வடிவம் என்று போட்டிருப்பதை வாங்கும் முன் படிக்கும் பழக்கம் பல ஏமாற்றங்களைத் தவிர்க்கும்.

மறுபேச்சில்லாமல் மாற்றிக்கொள்ள வேண்டிய டிஸ்க்குகளும் உண்டு. தொடக்க கால டிவிடிகளில் சினிமாஸ்கோப் படத்தைப் பழைய சதுர டிவிக்கான சட்டத்துக்குள் வைத்து, மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டிருப்பார்கள். இன்றைய அகல டிவியில் அது நான்கு பக்கமும் கறுப்பாக, நடுவில் ஓர் அஞ்சல் தலை போலத் தெரியும். இன்னொரு வகை, திரையை நிரப்புவதற்காக ஓரங்களை வெட்டியது. 2.35 விகிதப் படத்தை இன்றைய டிவி அளவுக்கு வெட்டினால் பிம்பத்தில் கால் பங்கு போகும். பழைய டிவி அளவுக்கு வெட்டினால் 40 சதவீதத்துக்கு மேல் போகும். மூன்றாவது வகையைக் கண்ணைவிடக் காது முதலில் பிடிக்கும். ஐரோப்பாவுக்கான பால் (PAL) முறை டிவிடிகளில் 24 ஃபிரேம் படம் நொடிக்கு 25 ஃபிரேமாக ஓடுவதால் இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்னதாக முடிந்துவிடும். குரலும் இசையும் சுருதி ஏறி ஒலிக்கும். இந்த மூன்றுக்கும் ப்ளூ-ரேயே போதும், 4கே வரை போக வேண்டியதில்லை.

தமிழ்ப் படங்களில் நிலைமை வேறு. முதல் தமிழ் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ 1973இல் வந்தது. அதிலிருந்து அகலத்திரையில் எடுக்கப்பட்டவை ஏராளம். ஆனால் பாடல்கள் வெட்டப்படாமல், ஓரம் வெட்டப்படாமல், மூலையில் கம்பெனி முத்திரை ஒட்டாமல் வந்த டிஸ்க்குகள் குறைவு. மூன்று படங்களை ஒரே டிவிடியில் அடைத்து விற்றவை, பொம்மலாட்டத் திரை போல மங்கிப்போனவை. 1964இன் ‘கர்ணன்’ 2012இல் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டுத் தியேட்டர்களில் ஓடியது போன்ற வாய்ப்பு எல்லாப் படங்களுக்கும் வாய்க்கவில்லை. பெரும்பாலான பழைய தமிழ்ப் படங்களுக்குப் புதிய பதிப்பு வருமா என்ற கேள்விக்கே இடமில்லாமல் இருக்கிறது. முழுமையாக உள்ள ஒரு பழைய டிவிடி கையில் இருந்தால் அதைப் பத்திரப்படுத்துவதே அங்கே முதல் வேலை.

அடுத்தது வீடு. 55 அங்குல டிவியை ஏழு அடிக்கு அப்பால் உட்கார்ந்து பார்க்கும்போது, ப்ளூ-ரேயின் ஒரு புள்ளியைக்கூடச் சராசரிக் கண்ணால் பிரித்தறிய முடியாது. 4கேயின் கூடுதல் புள்ளிகள் அங்கே பெரிதாக உதவாது. பத்தடி தள்ளி சோபா போட்டிருக்கும் ஹாலில் 4கே டிஸ்க் தருவது முக்கியமாக ஹெச்டிஆர் எனப்படும் ஒளியின் விரிவு: விளக்கின் சுடர், நீரில் பட்ட வெயில், இருட்டுக்குள் இருட்டு. அதற்கும் டிவி போதிய வெளிச்சம் தர வேண்டும். மலிவான பல 4கே டிவிகள் தருவதில்லை.

தீர்மானத்துக்கு முன் பழைய டிஸ்க்கை ஒரு முறை போட்டுப் பார்ப்பது மிகவும் பயன்பட்ட வழி. ‘செவன் சாமுராய்’ என்றால் மழையில் நடக்கும் கடைசிப் போர். மழை ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறாக விழுவதால், சுருக்கிப் பதிவு செய்யும் முறைக்கு அதைவிடக் கடினமான சோதனை இல்லை. பழைய டிவிடியில் மழைக்கோடுகள் கலந்து சாம்பல் திரையாகும், குதிரைகள் அதில் கரையும். நல்ல டிஸ்க்கில் முன்னால் விழும் மழையும் பின்னால் விழும் மழையும் குளம்பு தெறிக்கும் சேறும் தனித்தனியாக நிற்கும். விளக்கை அணைத்து அப்படி ஒரு காட்சியைப் பார்த்து, கண்ணை உறுத்திய குறைகளை ஒரு தாளில் எழுதிவைத்தால், புதிய பதிப்பு அவற்றில் எதைத் தீர்க்கிறது என்று ஒப்பிடலாம். ஒரு குறையும் எழுதத் தோன்றவில்லை என்றால் அந்தப் பணத்துக்கு இதுவரை பார்க்காத வேறொரு படத்தை வாங்கலாம்.

இன்னொரு சின்ன ஏற்பாடும் நல்ல பலன் தருகிறது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு வைத்து, படம் பார்த்த தேதியை எழுதுவது. ஐந்தாறு ஆண்டில் எந்தப் படம் உண்மையில் பிரியமானது, எது பெயருக்காக அலமாரியில் நிற்கிறது என்று சீட்டே சொல்லிவிடும். எட்டு ஆண்டில் ஒரே தேதி உள்ள படத்துக்கு மூன்றாவது பதிப்பு எதற்கு?

வாங்குவதென்று முடிவானால் மண்டலக் குறியைப் பார்க்க வேண்டும். ப்ளூ-ரேயில் இந்தியா சி மண்டலம், அமெரிக்கா ஏ, பிரிட்டன் பி. 4கே டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு இல்லை. ஆனால் கிரைட்டீரியன் போன்றவர்களின் பெட்டியில் 4கே டிஸ்க்கில் பெரும்பாலும் படம் மட்டும் இருக்கும். பேட்டிகளும் ஆவணப்படங்களும் கூட வரும் ஏ மண்டல ப்ளூ-ரேயில் இருக்கும். இங்கு வாங்கிய பிளேயரில் படம் ஓடும், மற்றவை ஓடாது. கூடுதல் பகுதிகளுக்காகவே வாங்குகிறவர் இதைத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கட்ட வேண்டும். விலையைப் பொறுத்தவரை, பார்ன்ஸ் அண்ட் நோபிள் கடைகளில் ஜூலையிலும் நவம்பரிலும் கிரைட்டீரியன் டிஸ்க்குகள் பாதி விலைக்கு வருவது வழக்கம். தபால் செலவும் சுங்க வரியும் சேர்த்தால் டிஸ்க்கின் விலையைத் தாண்டக்கூடும் என்பதால், ஊருக்கு வரும் உறவினரின் பெட்டியில் இடம் கேட்பது இன்றும் நடைமுறையில் உள்ள வழி.

புதியது வந்து சேர்ந்ததும் முதலில் அதை முழுதாக ஓட்டிப் பார்க்க வேண்டும். பாதியில் நிற்கும் டிஸ்க்கை மாற்றித் தரும் கெடு சில வாரங்களில் முடிந்துவிடும். பிறகு பழையதைப் பக்கத்தில் வைத்து, படத்தின் வடிவம், ஓடும் நேரம், விளக்க உரை, பேட்டிகள், அசல் ஒலித்தடம் எல்லாம் இதிலும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். உரிமம் முடிந்ததால் ஒரு விளக்க உரை புதிய பதிப்பில் விடுபடுவது சாதாரணம். பழைய படங்களின் மோனோ ஒலியை நீக்கிவிட்டு, புதிதாகப் பிரித்துக் கலந்த ஆறு ஸ்பீக்கர் ஒலியை மட்டும் கொடுப்பதும் அப்படியே. எல்லாம் இருந்தால் பழையதை நண்பருக்கோ நூலகத்துக்கோ கொடுத்துவிடலாம். ஒன்று குறைந்தாலும் அதை வைத்துக்கொள்வது நல்லது. ‘தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ 2023இல் இணையத்தில் ஒரு சிறு பகுதி வெட்டப்பட்டு ஓடியபோது, வெட்டாத படம் பழைய டிஸ்க் வைத்திருந்தவர்களின் வீட்டில் இருந்தது. அப்படி வைத்துக்கொள்ளும் டிஸ்க்கை நூல் போல நிமிர்த்தி, சுவரில் ஓதம் ஏறாத அலமாரியில், மழைக்காலத்தில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்க வேண்டும். பூஞ்சை படிந்தால் மென்துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக் கூடாது.