திருவிழாவும் ஊர்ப் பொருளும்

ஆலயத் திருவிழா ஆன்ம ஈடேற்றங் கருதி எடுக்கப்படுவது. ஆயினும், பெருங்கூட்டம் கூடுமிடத்துப் பொருளும் புழங்குமாதலின், அதன் பொருளியற் பயனையும் ஆராய்தல் தகும். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவத்தை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

கொடியேற்றம் முதலாக 25 நாள்கள் நிகழும் இவ்விழாவில், 24ஆம் நாள் தேருக்குக் குடாநாடெங்குமிருந்து மக்கள் திரள்வர். கடல் கடந்து வாழ்வோரும் வருவர். 2009இல் ஏ9 வீதி மீளத் திறக்கப்பட்டமையும், 2014இல் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தமையும் தென்னிலங்கையிலிருந்து வருதலை எளிதாக்கின.

இவர்கள் செலவிடும் பணம் எவ்வழிச் செல்கின்றது? வாழைக்குலை, தேங்காய், பூ என்பவற்றின் விலை தோட்டக்காரனைச் சேரும். விடுதிக்கும் முச்சக்கர வண்டிக்கும் கச்சான் கடைக்கும் உழைப்புண்டு. தோட்டக்காரன் அப்பணத்தைக் கூலியாகக் கொடுக்க, அது பிறர் வருவாயாகும். இங்ஙனம் ஒரு ரூபா ஊருக்குள்ளே பலர் கைமாறுதலே வளத்துக்கு ஏது. விளையாட்டுச் சாமான்களோ பெரும்பாலும் வெளியிலிருந்து வருவன. அவற்றின் விலையிற் பெரும்பகுதி வெளியேறிவிடும். பனங்கட்டிக்கும் கடகத்துக்கும் கொடுத்த பணம் இங்கேயே தங்கும்.

பிறிதொன்று: விரத நாள்களிற் பலர் புலாலை விலக்குதலின், மீன்பிடிப்போர் வருவாய் குன்றும். ஆதலின், வரவை மட்டுங் கூட்டிக் கணக்கிடுதல் முறையன்று.

தண்ணீர்ப் பந்தலும் அன்னதானமும் கணக்கேட்டில் விலை பெறா. எனினும், வறியவனும் வந்து வழிபட்டுச் செல்ல அவையே வழிசெய்கின்றன. மாணவர்காள், அடுத்த திருவிழாவில் ஒரு கடையின் பொருள்கள் எவ்வெவ்வூரில் ஆனவை எனக் கேட்டெழுதுங்கள். வகுப்பிற் படிக்கும் பொருளியல் வீதியில் விளங்கும்.