அப்பாவின் ஸ்டென்ட்டை மறைக்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். குடலிறக்கத்துக்காக மெடிக்கல் காலேஜில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். முதுகில் ஊசி போட்டுச் செய்வார்களாம். "முதுகில் குத்தினால் ஆயுசுக்கும் இடுப்பு வலிதான், முழு மயக்கமே கேள்" என்கிறார் சித்தப்பா. முழு மயக்கம் கொடுத்தால் கண் முழிக்காமலே போய்விடுவாரோ என்று அம்மாவுக்குப் பயம். இன்னொன்று: இரண்டு வருஷத்துக்கு முன் ஸ்ரீ சித்திரா மருத்துவமனையில் அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போதும் குளோபிடோகிரெல் சாப்பிடுகிறார். சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை உண்டு, பீடிப் பழக்கமும் உண்டு. ஸ்டென்ட் விஷயத்தைச் சொன்னால் தேதி தள்ளிப்போகும், ஓணச் சமயத்தில் கடையை மூட முடியாது, சொல்லாதே என்கிறார். எந்த மயக்கம் நல்லது, டாக்டர்?
- ஒரு வாசகி, திருவனந்தபுரம்

பதில்: எந்த மயக்கம் என்பதை முடிவு செய்யப்போவதே அப்பா மறைக்கச் சொல்லும் அந்த மாத்திரைதான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

குளோபிடோகிரெல் இரத்தத் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாது. ஸ்டென்ட் அடைக்காமல் காப்பது அந்தக் குணம்தான். முதுகு ஊசி போடும்போது சில சமயம் உள்ளே ஒரு சின்ன இரத்தக்குழாயில் ஊசி பட்டுவிடும். மற்றவர்களுக்கு அந்தக் கசிவு தானாக நின்றுவிடும். இந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு நிற்காமல் போகலாம். முதுகெலும்புக்குள் இரத்தம் தேங்கி நரம்புகளை நெருக்கினால் கால்கள் செயலிழக்கக்கூடும். அபூர்வம்தான், ஆனால் நேர்ந்தால் சில மணி நேரத்துக்குள் அவசர ஆபரேஷன் செய்தாக வேண்டும். அதனால்தான் பொதுவாக 5 முதல் 7 நாள் முன்பே இந்த மாத்திரையை நிறுத்திவிட்டு முதுகில் ஊசி போடுவோம்.

அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்ட் உள்ளவர் கேட்காமல் நிறுத்தினால் மாரடைப்பு வரலாம். நிறுத்தலாமா, அதற்குப் பதில் ஆஸ்பிரின் மட்டும் எடுக்கலாமா என்பதை இதய மருத்துவரும் மயக்க மருந்து மருத்துவரும் பேசித்தான் சொல்ல வேண்டும். ஸ்டென்ட் வைத்து இரண்டு வருஷம் ஆகிவிட்டதால் பெரும்பாலும் வழி பிறக்கும். நிறுத்தக்கூடாது என்றானால் முழு மயக்கம் இருக்கிறது. குடலிறக்கத்தை அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தும் சரிசெய்யலாம். சொன்னால் தேதி கொஞ்சம் தள்ளிப்போகலாம், அவ்வளவுதான். இதை அப்பாவிடம் நேராகச் சொல்லுங்கள்.

ஸ்ரீ சித்திராவும் மெடிக்கல் காலேஜும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்று மத்திய அரசுடையது, மற்றது மாநில அரசுடையது. அங்கே உள்ள விவரம் இங்கே தானாக வந்துவிடும் என்று இருந்துவிட வேண்டாம். ஸ்டென்ட் வைத்தபோது தந்த டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். எல்லா மாத்திரை அட்டைகளும், வைத்தியசாலையில் வாங்கும் அரிஷ்டமோ கஷாயமோ இருந்தால் அந்தப் பாட்டில்களும் ஒரே பையில் இருக்கட்டும்.

சித்தப்பாவின் பயம் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வீட்டுக்கு வீடு கேட்பது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே, நரம்பு இழைகள் நீரில் மிதக்கும் இடத்தில்தான் மெல்லிய ஊசியால் இரண்டு மூன்று மில்லி மருந்தைச் செலுத்துகிறோம். குத்திய இடத்தில் சில நாள் வலிக்கலாம். வருஷக்கணக்கான இடுப்பு வலிக்கு இந்த ஊசி காரணமில்லை. இதே ஊசி போட்டுச் சிசேரியன் செய்துகொண்ட பெண்களுக்குப் பின்னால் வரும் வலிக்குப் பெரும்பாலும் கர்ப்பம், தூக்கமின்மை, குழந்தையைக் குனிந்து குனிந்து தூக்குவது என்று வேறு காரணங்கள் உண்டு. பழி மட்டும் ஊசிக்கு வந்துவிடுகிறது. சிலருக்குத் தலைவலி வருவதுண்டு. அது வயதானவர்களுக்குக் குறைவு.

அம்மாவின் பயத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 1848-இல் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் கால்விரல் நகம் எடுக்கக் குளோரோஃபார்ம் என்ற மயக்க மருந்து கொடுத்ததும் இறந்துபோனாள். மூச்சை மட்டும் கவனித்தால் போதும், குளோரோஃபார்ம் இதயத்தை ஒன்றும் செய்யாது என்று ஹைதராபாத்தில் எட்வர்ட் லாரி என்ற மருத்துவர் சாதித்தார். அதைச் சோதிக்க 1880-களின் கடைசியில் அங்கே இரண்டு குழுக்கள் ஆராய்ந்தன. இதயத்தையும் அது நிறுத்தும் என்று பின்னால் நிரூபணமானது. இன்று குளோரோஃபார்ம் கிடையாது. கோவிட் காலத்தில் நாம் விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் 1970-களில் ஜப்பானில் டக்குவோ அவோயாகியின் யோசனையில் பிறந்தது. மயக்கத்தைப் பாதுகாப்பானதாக மாற்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. முழு மயக்கத்தில் அப்பாவின் பிராணவாயு அளவு, இதயத்துடிப்பு, இரத்த அழுத்தம், வெளிவிடும் கரியமிலவாயு எல்லாம் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். மருந்து கொடுத்தவர் கடைசித் தையல் வரை தலைமாட்டிலேயே இருப்பார். மருந்தை நிறுத்தினால்தான் விழிப்பு வரும். எப்போது நிறுத்துவது என்பது அவர் கையில் இருக்கிறது.

பட்டினி விஷயத்தில் வீட்டாரின் அன்புதான் பெரிய ஆபத்து. மயங்கியவரின் தொண்டை காவல் காக்காது. வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே கேடு. முதுகு ஊசி என்றாலும் பட்டினி வேண்டும், நடுவில் முழு மயக்கத்துக்கு மாற நேரலாம். எண்ணெய்ப் பலகாரம், இறைச்சி என்றால் 8 மணி நேரம், கஞ்சி, இட்லி, பால் சேர்த்த சாயா என்றால் 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். தெளிந்த தண்ணீரும் பாலில்லாத கட்டன் சாயாவும் பொதுவாக 2 மணி நேரம் முன்பு வரை சரி. நீண்டநாள் சுகர்காரர்களுக்கு வயிறு மெதுவாகக் காலியாகும் என்பதால், அப்பாவுக்கு மருத்துவமனை சொல்லும் நேரமே கணக்கு.

சுகர் மாத்திரையின் பெயரைக் கட்டாயம் காட்டுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை என்றால் மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே இரத்தத்தில் அமிலத்தை ஏற்றிவிடக்கூடிய மாத்திரை அது. பிரஷர் மாத்திரைகளில் சிலவற்றை அன்று காலை ஒரு மிடறு தண்ணீருடன் போடலாம், சிலவற்றைப் போடக்கூடாது. எதை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பீடியை இன்றே விடச் சொல்லுங்கள். பல வாரம் முன்பே விடுவது உத்தமம், ஒருநாள் விட்டாலும் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு குறையும். குடலிறக்கத் தையலுக்கு இருமல் பெரிய எதிரி.

சம்மதப் பத்திரம் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். சாலைக் கம்போளப் பகுதியில் பிறந்து வளர்ந்து மலையாளம் சரளமாகப் பேசும் தமிழர்களில் பலருக்கு அதை வாசிக்கத் தெரியாது. வாய்விட்டுப் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டபின் அப்பா கையெழுத்திடட்டும். ஆடும் பல், பல்செட் இருந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள்.

முதுகு ஊசிக்குப் பிறகு இரண்டு முதல் நான்கு மணி நேரம் கால்கள் கனத்துக் கிடக்கும், நடுக்கம் வரலாம், சிறுநீர் போகத் தாமதமாகலாம். இவை சரியாகிவிடும். ஆனால் மரத்துப்போன கால் நான்கு மணி நேரமாகியும் அசையவில்லை என்றாலோ, அசைந்த கால் மறுபடி மரத்துப்போனாலோ, முதுகு கடுமையாக வலித்தாலோ, நடுராத்திரி ஆனாலும் நர்ஸை எழுப்பிச் சொல்லுங்கள். காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்க வேண்டாம்.